ஒரு சாணில் நின்ற பந்து

மகன்,

உன்னுடைய கலியாண அழைப்பிதழ் எனக்குக் கூரியரில் வந்தது. லிஃப்ட் பழுது என்பதால் கொண்டுவந்தவன் மேலே ஏற மறுத்துவிட்டான். நானே இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு படியிறங்கிப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தடித்த உறை, பொன் எழுத்து, என் பெயருக்கு முன்னால் திரு, அம்மாவின் பெயருக்கு முன்னால் திருமதி. நான் பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனையில் மகனுக்குக் கலியாணம் என்றால் தாயும் தகப்பனும் கோயிலுக்குப் போகிற உடுப்பில் வீடு வீடாக ஏறி இறங்கிக் காட் கொடுப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிளாஸ் இனிப்புக் கோடியல் குடித்தே தகப்பனுக்குச் சீனி வருத்தம் வந்துவிடும். மகனுடைய கலியாணத்துக்கு வரச்சொல்லித் தகப்பனுக்கே காட் வந்தது எங்கள் பரம்பரையில், ஏன், முழுக் கொழும்பிலுமே எனக்குத்தான் முதல் தடவையாக இருக்கவேண்டும். அதிலும் நான்தான் முதலாம் ஆள். பெண் வீட்டார் அச்சடித்தார்கள், அச்சகம் எல்லாருக்கும் அனுப்பியபோது உங்களுக்கும் வந்துவிட்டது என்று நீ போனில் சொன்னாய். சரி, விட்டுவிட்டேன். நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல.

போன சனிக்கிழமை ரொஷானி போன் எடுத்தாள். இன்னும் சில கிழமைகளில் உன் பெண்சாதியாகப் போகிறவள், நீ எடுக்காத நாட்களிலும் எங்களுக்கு எடுக்கிறவள். "அங்கிள், டடி ரிசெப்ஷனில ஸ்பீச் குடுக்கப் போறார். அந்தக் கோல்ஃப் கதையைத்தான் சொல்லப் போறாராம். நீங்கள் குறை நினைக்க மாட்டீங்கள்தானே?" என்று கேட்டாள். எந்தக் கதை பிள்ளை என்றேன். "கடைசிக் கிரீனில நீங்கள் பந்தை எங்கயோ கொண்டுபோய் விட்டதும், அதால நாங்கள் வெண்டதும். டடி அதைச் சொல்லேக்க நீங்கள் பாக்கோணும் அங்கிள், சனம் விழுந்து விழுந்து சிரிக்குது." சொல்லட்டும் பிள்ளை, கலியாண வீடு என்றால் சிரிக்கத்தானே வேணும் என்றேன். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். அம்மா வந்து பிரஷர் மாத்திரை போட்டீங்களோ என்று கேட்டாள்.

அந்த ஹோட்டல் மண்டபத்தில் யார் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பார். கொட்டாஞ்சேனைச் சொந்தக்காரர் முழுப்பேரும் இருப்பார்கள். துறைமுகத்தில் என்னோடு வேலை செய்தவர்கள், என்னோடு கரம் போர்ட் விளையாடித் தோற்றவர்கள், புறக்கோட்டைக் கடைக்காரர்கள் எல்லாரும் கோட் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னால், நடக்காத ஒன்றை நடந்ததாக உன் மாமனார் மைக்கில் சொல்லுவார். அது நடக்கவில்லை என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்: நீயும் நானும். உன் கலியாணத்துக்கு முன்னால் அந்தக் கணக்கை நீ நேராக்கவேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். நேரே சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்தவுடன் நீ போனைப் பார்த்துக்கொண்டு "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்பாய். கடிதம் என்றால் அப்படிச் செய்ய முடியாது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனின் கடிதம் என்று நினைக்காதே. எழுத்துப் பிழைகளை அம்மா திருத்தியிருக்கிறாள். இரண்டு இடங்களை வெட்டிவிடச் சொன்னாள். நான் வெட்டவில்லை.

நான் ஒன்றை ஒன்றரையாகச் சொல்கிறவன் என்று உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. கடவுள் சிலருக்குக் குரலைக் கொடுப்பார், சிலருக்குக் காணியைக் கொடுப்பார், எனக்கு இதைக் கொடுத்தார். நம் வீட்டு பல்கனியில் இருந்து விழுந்த கோல்ஃப் பந்தின் கதையையே எடு. ரயில் பாதைக்குப் பக்கத்தில் வீடு, கீழே தெற்கே போகிற ரயில், பந்து நேராகப் பெட்டிக்குள் விழுந்து காலி நகரம் வரை போய், அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் எடுத்து அடுத்த ரயிலில் திருப்பி அனுப்பினார் என்று புறக்கோட்டையில் சொல்வேன். நாம் இருக்கிற வெள்ளவத்தையில் சொல்லும்போது கிட்ட இருக்கிற பாணந்துறை வரைதான் போகும், ஏனென்றால் இங்கே ரயில்வேக்காரர் இருக்கிறார்கள். உண்மையில் அது தண்டவாளத்துக் கல்லில் பட்டுத் தெறித்துக் கடலுக்குள் போனது. நீயும் பக்கத்தில் நின்றாய். ஆனால் அந்தக் கதையால் யாருக்கு என்ன குறைந்தது? கேட்டவன் சிரித்தான், ஸ்டேஷன் மாஸ்டருக்குப் புண்ணியம் கிடைத்தது.

பந்தைத் தட்டுகிற வித்தை எனக்கு எப்படி வந்தது என்றும் நான் பல மாதிரி சொல்லியிருக்கிறேன். கலப்படம் இல்லாமல் இன்றைக்கு எழுதுகிறேன். கப்பலில் வருகிற பெட்டிகளை விடுவிக்கிற வார்ஃப் கிளார்க் நான். கையெழுத்துக்காகக் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனி டிரெக்டரின் அறைக்குப் போவேன். அவர் அறையில் நீளமாக ஒரு பச்சைக் கம்பளம் விரித்து, முடிவில் ஒரு கிண்ணம் வைத்திருந்தார். பந்து கிண்ணத்தில் விழும் வரைக்கும் கையெழுத்து விழாது. அவருக்கு அது விழவே விழாது. மத்தியானம் வரை காத்திருந்து அலுத்துப்போய், "சேர், நான் ஒருக்கால் பாக்கட்டே?" என்று கேட்டேன். கொட்டாஞ்சேனையில் கரம் போர்ட்டுக்கு முன்னால் என்னை உட்காரவைத்துவிட்டு எதிரே உட்காரப் பயப்படுவார்கள், அது உனக்குத் தெரியும். கரத்தில் நான் படித்தது ஒன்றுதான்: எந்தப் பக்கம் அடிப்பது என்பது எல்லாருக்கும் தெரிகிறது, எவ்வளவு அடிப்பது என்பதுதான் ஒருவருக்கும் தெரிவதில்லை. மழைக்காலத்தில் போர்ட் ஊறிப்போய்க் காய் நகராது, பவுடர் கூடினால் நில்லாது. அதே கையோடு அந்தக் கம்பளத்தில் தட்டினேன். முதல் தட்டிலேயே விழுந்தது என்று மற்றவர்களுக்குச் சொல்வேன். உனக்குச் சொல்கிறேன், விழவில்லை. கிண்ணத்தின் உதட்டில் வந்து நின்றது. டிரெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பென்ஷனில் போனபோது, பட்டர் என்கிற அந்தக் குட்டை மட்டையை எனக்கே தந்துவிட்டுப் போனார். ஓங்கி அடிக்கிற நீள மட்டைகளை நான் வாழ்க்கையில் தொட்டதில்லை. ஆனால் பந்து புல்லில் உருளத் தொடங்கிய பிறகு இந்தத் தீவில் எனக்குச் சமமான ஆள் இல்லை. இதில் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். அதிகம் கூட்டவில்லை.

நம் வீட்டுக் கொரிடோரில் நாமிருவரும் தட்டிய விளையாட்டை நீ ரொஷானிக்குச் சொல்லியிருப்பாயோ தெரியாது. குழி கிடையாது, கிண்ணம் கிடையாது. அம்மா சமைக்கிற குசினி வாசலில் ஒரு சின்னப் படி இறங்கும். அந்தப் படியின் விளிம்பில் பந்தைக் கொண்டுபோய் நிறுத்தவேண்டும், விழுந்தால் தோல்வி. மாபிள் தரை, கண்ணாடி மாதிரி ஓடும். அம்மா தரை துடைத்த அன்றைக்கு ஒரு கணக்கு, துடைக்காத அன்றைக்கு வேறு கணக்கு. நீ ஆரம்பத்தில் தூரத்துக்கு ஏற்றபடி கையின் வேகத்தை மாற்றினாய். அதனால் ஒன்று முன்னாலேயே நின்றது, அல்லது குசினிக்குள் போய் அம்மாவின் காலில் பட்டது. பிறகு நீயாகவே ஒன்றைக் கண்டுபிடித்தாய். கையின் தாளம் மாறக்கூடாது, கிட்டவோ எட்டவோ, மட்டை போய்வருகிற நேரம் ஒன்றுதான். எவ்வளவு தூரம் பின்னுக்கு இழுக்கிறோம் என்பதுதான் மாறவேண்டும். அதை நான் சொல்லித்தரவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு வருடத்துக்குள் நீ என்னைத் தோற்கடித்தாய். அன்றைக்கு நான் கீழ்வீட்டு பியசீலி நோனாவுக்கு, சிங்களத்தில், என் மகன் உலகத்திலேயே இரண்டாவது ஆள் என்று சொன்னேன். முதலாவது யார் என்று அவள் கேட்கவில்லை. பந்து உருளுகிற சத்தத்தில் தலை வெடிக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், உன் கை எனக்குத் தெரியும். ஒரு சாண் தூரத்தில் நிற்கிற பந்தை நீ தவறவிடுகிறவன் அல்ல. கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவாய். இதில் ஒரு சொட்டுக்கூட நான் கூட்டவில்லை.

இனி கோல்ஃப் கிளப்பில் நடந்த அந்தக் குடும்ப நாள் போட்டிக்கு வருகிறேன். உன் மாமனார் அந்தக் கிளப்பில் பழைய மெம்பர். பெரிய கம்பனியில் இருந்து ஓய்வுபெற்றவர், கொழும்பு ஏழில் வீடு, டிரைவர் கதவைத் திறந்துவிட்டால்தான் இறங்குவார். பெண் பேச்சு முடிந்த கையோடு, "சம்பந்தி, நீங்களும் கோல்ஃப்காரர் எண்டு தம்பி சொன்னார். குடும்ப நாளுக்கு வாங்கோ, தம்பியும் நீங்களும் ஒரு பக்கம், நானும் மகளும் ஒரு பக்கம்" என்றார். நீ எனக்கு ஒரு ரீ-ஷேர்ட் வாங்கிக்கொண்டு வந்தாய். காரில் போகும்போது, "அப்பா, அங்க போய்க் காலி ரயில் கதையெல்லாம் சொல்லாதேங்கோ" என்றாய். நான் சொல்லவில்லை. அன்று முழுவதும் நான் பேசியதைவிட அந்தக் கிளப்பின் காகங்கள் அதிகம் பேசியிருக்கும்.

விளையாட்டின் சட்டம் சுலபமானது. ஒரு பக்கத்துக்கு ஒரு பந்து. கிரீன் என்கிற வழுவழுப்பான புல் வரைக்கும் பந்தைக் கொண்டுவருவது இளம் ஆளின் வேலை. அங்கே முதல் தட்டு வயதானவருடையது. அடுத்தது இளம் ஆளுடையது. பிறகு மாறி மாறி. பெரியவர்கள் சண்டை பிடிப்பார்கள் என்பதால், கிட்ட வந்தால் போட்டதாக எடுக்கிற விட்டுக்கொடுப்பு ஒன்றும் கிடையாது, பந்து குழிக்குள் விழுந்து சத்தம் கேட்கவேண்டும். அதனால் என் வேலை குழியில் போடுவதல்ல. நீ சிரமப்படாமல் போடக்கூடிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது. அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் யார்? ஒவ்வொரு கிரீனிலும் குழியைச் சுற்றி ஒரு பெரிய தாச்சிச் சட்டி வாய் அளவுக்கு வட்டம் இருப்பதாக நினைத்துக்கொண்டு அதற்குள் போட்டேன். நீயும் விழுத்தினாய். உன் மாமனாரின் முகம் குழிக்குக் குழி சின்னதாகிக்கொண்டு வந்தது. "சம்பந்திக்கு இண்டைக்கு அதிர்ஷ்டம்" என்றார் ஒருமுறை. ரொஷானி, "அதிர்ஷ்டமில்லை டடி, அங்கிள் நடந்து பாத்துத்தான் அடிக்கிறார்" என்றாள். அந்தப் பிள்ளைக்குக் கண் இருக்கிறது.

கடைசிக் குழிக்கு வரும்போது இரண்டு பக்கமும் சமம். அவர்கள் பந்து மணலுக்குள் விழுந்து, ஏறி, ஒருவழியாகக் குழிக்குள் போய்விட்டது. நாம் இரண்டு தட்டில் முடித்தால் வெற்றி. ரொஷானி தான் கிளறிய மணலைச் சீராக்கத் திரும்பிப் போயிருந்தாள், குனிந்துகொண்டு நின்றாள். உன் மாமனாருக்குப் போன் வந்தது. நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தடியில் போய் நின்று கதைத்தார். கிரீனில் நீயும் நானும் மட்டும். பந்து ஒரு ஓரம், குழி மறு ஓரம். வேறு யாருக்காவது எழுதினால் காலி வீதியின் அகலம் என்பேன். நம் கொரிடோரைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். நடுவில் ஆமை முதுகு மாதிரி ஒரு மேடு, அதைத் தாண்டினால் கிளப் ஓரத்துக் கால்வாய்ப் பக்கமாகச் சரிவு. காலையில் மழை பெய்திருந்தது. மேட்டுக்கு இந்தப் பக்கம் புல் மங்கலாக இருந்தது, அதாவது நம்மைப் பார்த்துப் படுத்திருந்தது, பந்தை இழுத்துப் பிடிக்கும். அந்தப் பக்கம் மினுங்கியது, தள்ளிக்கொண்டு போகும். நான் குழியை மறந்துவிட்டேன். மேட்டின் உச்சிதான் குழி என்று நினைத்துக்கொண்டேன். அங்கே வந்து உயிரை விடுகிற அளவுக்குத் தட்டினால் மிச்சத்தைச் சரிவு பார்த்துக்கொள்ளும். குழியையே குறிவைத்து அடிக்கிறவன் இந்த இடத்தில் கால்வாய்க்குப் போவான். தட்டினேன். பந்து மேட்டில் ஏறி, நின்றுவிட்டதோ என்று நினைக்கிற நேரத்தில் தலையைக் கவிழ்த்து, மெல்ல மெல்ல இறங்கி, வளைந்து, குழிக்கு ஒரு சாண் இப்பால் நின்றது.

என் வலது கையை விரித்துப் பார்க்கிறேன். பெருவிரல் நுனியில் இருந்து சின்னவிரல் நுனி வரை. அவ்வளவுதான் தூரம். நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். பிறகு நீ மரத்தடியைப் பார்த்தாய். உன் மாமனாரின் முதுகைப் பார்த்தாய். அப்புறம் குனிந்து, நாயை விரட்டுகிறவன் மாதிரி ஒரு தட்டுத் தட்டினாய். பந்து குழியின் ஓரத்தைக்கூடத் தொடாமல் தாண்டி, மினுங்குகிற புல்லில் ஓடி, சரிவில் கீழே போய் நின்றது. உன் கை தாளம் மாறியதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கண்டேன். மூன்றாவது தட்டு என்னுடையது. நான் ஏதோ தட்டினேன். எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து உன் மாமனார் போனை மூடிக்கொண்டு திரும்பினார். அவர் கண்டது நான் தவறவிட்டதைத்தான். நாலாவதில் நீ போட்டாய். தோற்றோம்.

"என்னப்பா இது, வெண்ட மட்ச் இல்லையோ? என்ன நடந்தது?" என்று கேட்டார். நீ மட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்: "அப்பா முதல் அடியை எங்கயோ தூரத்தில விட்டிட்டார், அங்கிள். நான் கிட்டக் கொண்டுவரப் பாத்தன், சரிவரேல்லை." அவர் என் தோளில் தட்டினார். "பரவாயில்லை சம்பந்தி. வார்ஃபில கண்டெய்னர் தள்ளின கை எல்லே, புல்லுக்கும் அதே பலம்தான் குடுப்பீங்கள்." அங்கே நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பெரிதாக அல்ல, பல் தெரியாத சிரிப்பு. நான் கண்டெய்னர் தள்ளவில்லை, மகன். நான் கிளார்க். தள்ளியிருந்தாலும் வெட்கமில்லை. ஆனால் நீ அதைத் திருத்தியிருக்கலாம்.

திரும்பி வரும்போது பாமன்கடைச் சந்தியில் வாகன நெரிசலில் நின்றோம். அங்கேதான் கேட்டேன், ஏன் மகன் அப்படித் தட்டினாய் என்று. "அப்பா, அவர் தோத்தால் ஒரு கிழமைக்கு முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு இருப்பார். ரொஷானிக்குத்தான் கரைச்சல். ஒரு விளையாட்டுத்தானே, விடுங்கோவன்." சரி, தோற்றதை விடுவோம், ஏன் என் தலையில் போட்டாய் என்றேன். நீ ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டாய். "நீங்கள் எப்பிடியும் கதையை மாத்தித்தானே சொல்லப் போறீங்கள். உங்கட கதையில நீங்கள் வெண்டிருப்பீங்கள். பிறகென்ன?" என்றாய். நெரிசல் குறைந்தது. நீ ரேடியோவைப் போட்டாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிப் பார்த்தேன். உன் பெயரை விட்டுவிட்டு, நான் தட்டிய முதல் தட்டை மட்டும். தேத்தண்ணிக் கடையில் சொன்னேன்: பந்து ஒரு சாணில் நின்றது. "ஓமோம் அண்ணை, பிறகு பந்து தானா எழும்பி உங்களுக்குச் சலாம் போட்டது, அதையும் சொல்லுங்கோ" என்றான் கடைக்காரன். மாதா கோயில் வாசலில் சொன்னேன். பாதர் வேறு யாருக்கோ கை காட்டிக்கொண்டு போய்விட்டார். புறக்கோட்டையில் சொன்னபோது, முந்தி காலி ரயில் கதையைக் கேட்டு நம்பியவர்களே, இந்த முறை சுவாரசியமில்லை என்றார்கள். கடைசியாக, நீ சொன்ன கதையை ஏற்கனவே கேட்டிருந்த உன் அம்மாவிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டு நின்றாள். "இஞ்சேருங்கோ, உங்கட ஒரு சாண் எண்டால் சனத்தின்ர கணக்கில பத்தடி. பிள்ளை பொய் சொல்லுவானே?" என்றாள். இத்தனை வருடம் என்னோடு வாழ்ந்த மனுஷி. நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினேன். அம்மா வெட்டச் சொன்ன இடங்களில் ஒன்று இதுதான். இதை எழுதிக் கொடுத்து அவள் வாசித்த பிறகும், "ஒரு சாண்தானா?" என்று கேட்டாள்.

நீ சொல்லலாம், அது நீங்களே தேடிக்கொண்டது என்று. இருக்கட்டும். ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பார். நான் சொன்ன கதைகளில் நான் என்னைப் பெருப்பித்தேன், உன்னைப் பெருப்பித்தேன், வழியில் அகப்பட்ட ஸ்டேஷன் மாஸ்டரையும் பெருப்பித்தேன். ஒருவனையும் சிறுப்பித்ததில்லை. எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கு அந்த அளவு தெரிந்திருந்தது. நீ பட்டம் எடுத்தவன். நீ வாழ்க்கையில் சொன்ன ஒரேயொரு கதை, தகப்பனை ஒரு வசனத்தில் குறைத்துவிட்டது. அதுவும் எப்படிப்பட்ட கதை பார், எல்லாரும் உடனே நம்பினார்கள். உன் வாயில் இருந்து வந்தபடியால் நம்பினார்கள். அவ்வளவு நல்ல பெயரை வைத்துக்கொண்டு அதைச் செலவழிக்க வேறு இடம் கிடைக்கவில்லையா உனக்கு?

கலியாணம் கட்டப் போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்லவேண்டும் என்பது முறை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். குடும்ப நாள் விளையாட்டு மாதிரித்தான் அது. பந்து ஒன்று, ஆள் இரண்டு. நீ தட்டிவிட்டு விலகிவிடலாம்; மிச்சத் தூரம் அவளுக்கு. எங்களுக்குக் கலியாணமான புதிதில் அம்மாவின் மாமன்மாரிடம், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாருங்கள், துறைமுகத்தில் எனக்கு இறால் பெட்டி பெட்டியாக வருகிறது, இறால் பிரியாணி போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இறால் என்ன, பொடிக் கூனி இறால்கூட வரவில்லை. குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அம்மா கோழிக்கறியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "இறாலைக் கண்டால் எனக்கு இப்ப வயித்தைப் பிரட்டிச் சத்தி வருது மாமா, அதுதான் இவர் வேண்டாமெண்டிட்டார்" என்றாள். மாமன்மார் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, வாழ்த்திவிட்டுப் போனார்கள். நீ பிறப்பதற்கு அதற்குப் பிறகும் இரண்டு வருடம் இருந்தது. நான் கால்வாய்க்குள் விட்ட பந்தை அவள் குழிக்குள் போட்டாள். யார் விட்டது என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மா வெட்டச் சொன்ன மற்ற இடம் இது. ரொஷானிக்கும் உன் பந்து எங்கெங்கோ கிடக்கும்; அவளும் போடுவாள், போடக்கூடிய பிள்ளை. ஆனால் ஒரு நாள் நீ ஒரு சாணில் இருந்து தவறவிட்டுவிட்டு, அவளைக் காட்டி, இவள்தான் தூரத்தில் விட்டாள் என்று சொல்லுவாயோ என்பதுதான் என் பயம். ஒருமுறை சொல்லிப் பழகியவனுக்கு இரண்டாவது முறை சுலபம்.

இப்போது நான் கேட்பதைக் கேள். மைக்கில் வந்து சொல் என்று கேட்கவில்லை. உன் மாமனாரிடம் சொல் என்றும் கேட்கவில்லை; அவருக்குத் தெரிந்தால் அவர் வெற்றி போய்விடும், ஒரு கிழமைக்கு முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். ஊர் நம்பவேண்டும் என்ற ஆசையும் எனக்கு விட்டுப்போய்விட்டது. ரொஷானியிடம் சொல். அவளுக்கு மட்டும். கோயிலில் அவள் கையைப் பிடிப்பதற்கு முன்னால், பந்து எங்கே நின்றது, யார் தட்டினார்கள், நீ எந்தப் பக்கம் பார்த்தாய் என்று சொல். எனக்கு ஒரு ஆள் போதும்.

நான் வருவேன். கோட் தைத்தாகிவிட்டது, அம்மாவின் சேலை வந்துவிட்டது. முன் மேசையில் உட்காருவேன். உன் மாமனார் எழும்பி அந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன், என்னைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் நான் மேடையில் ரொஷானியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் சிரிக்காவிட்டால் நீ சொல்லியிருக்கிறாய். மற்றவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்தால் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். கேக் சாப்பிடுவேன், போட்டோவுக்கு நிற்பேன், உங்கள் இருவரையும் ஆசீர்வதித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். இன்று வரைக்கும் காலி வீதியில் யாராவது என்னை மறித்து, மகன் எப்படி என்று கேட்டால், பஸ்ஸை விட்டுவிட்டு நின்று சொல்வேன்; உன் உத்தியோகத்தை இரண்டு படி உயர்த்தி, உன் கம்பனியை மூன்று நாட்டுக்குப் பெருப்பித்து, கேட்டவன் அலுத்து நேரமாகிறது என்று சொல்லும் வரைக்கும் சொல்வேன். நீ சொல்லாமல் விட்டால், அதற்குப் பிறகு யாரும் கேட்டால், "இருக்கிறான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

அப்பா